ஐந்து பேர் கமிட்டி

என் அப்பா சங்கத்துக்காரர் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. இந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் என் சாமர்த்தியம் எல்லாம் இருந்தது.

விமானக் கம்பெனியில் பைலட்டாகச் சேர்ந்த புதிதில் சொந்த ஊர் எது என்று கேட்பார்கள். தஞ்சாவூர் ஜில்லா, கூத்தாநல்லூர் பக்கம் என்பேன். அப்பா என்ன செய்கிறார் என்பார்கள். வயலில் கூலி வேலை என்பேன். உடனே கேட்டவர் முகத்தில் ஒரு மரியாதை வரும். "அப்ப செங்கொடிக் குடும்பம்னு சொல்லுங்க!" தஞ்சாவூர்க் கூலிக்காரன் என்றால் கையில் சிவப்புக் கொடி இருந்தே தீர வேண்டும் என்று சென்னையில் முடிவு செய்து வைத்திருந்தார்கள். நான் சிரிப்பேன். ஆமாம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டே பதினைந்து வருடம் ஓட்டிவிட்டேன். அப்புறம் கம்பெனியில் சங்கப் பேச்சு வந்தது.

வந்தது ஒரு கோ-பைலட்டால். முப்பது வயதுகூட ஆகாத பெண், வேலையில் கெட்டி. ஒருநாள் விடியுமுன் டூட்டிக்கு வந்து, நான் கேப்டனாகவும் அவள் கோ-பைலட்டாகவும் நான்கு முறை பறந்து இறங்கியிருந்தோம். மழையால் எல்லாமே தாமதம். சாயங்காலம் ஐந்தாவதாக மதுரைக்கு ஒரு விமானத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். கேப்டன் சம்மதித்தால் டூட்டி நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக்கலாம் என்று விதி இருக்கிறது. நான் சரி என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "சார், எனக்குக் கண்ணு சொருகுது. நான் ஓட்ட மாட்டேன். உங்களாலயும் முடியலைன்னு எனக்குத் தெரியும்."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இறங்கிப் போனாள். வேறொரு கோ-பைலட்டை உட்காரவைத்து நான் மதுரைக்குப் போனேன். அந்த விமானத்தை எப்படித் தரையிறக்கினேன் என்று எனக்கு நினைவில்லை. மறுநாள் யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. இன்று வரைக்கும் வரவில்லை. என் முதுகுக்குப் பின்னால் விமானம் நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

மறுநாளே அவள் பறக்கக்கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. கேப்டனுக்கு வராத களைப்பு கோ-பைலட்டுக்கு எங்கிருந்து வந்தது என்று கம்பெனி கேட்டது. எனக்கும் களைப்புதான் என்று நான் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அவள் வேலை தப்பியிருக்கும். எழுதினால், அந்தக் களைப்போடு ஏன் ஓட்டினாய் என்று என் கழுத்துக்குக் கத்தி வரும். எழுதவில்லை.

பைலட்டுகளின் ஓய்வறை இரண்டாகப் பிரிந்தது. சின்ன வயதுக்காரர்கள் சங்கம் வேண்டும் என்றார்கள். பதிவு செய்த சங்கம் இருந்தால் அந்தப் பெண்ணுக்காக லேபர் ஆபீஸ் வரை போய் நிற்கலாம். ரிடையர் ஆக இரண்டு வருடம் இருந்த மூத்த கேப்டன் ஒருவர் எதிர்க்கட்சி.

"சங்கம்னா வாசல்ல நின்னு கத்தணும். இந்த யூனிஃபார்முக்கு அது அழகா? நிர்வாகமே நம்மள்ல அஞ்சு பேரை வச்சு ஒரு கமிட்டி போடறேங்குது. மாசம் ஒருநாள் எதிர்ல உட்கார்ந்து பேசலாம். வீட்டுச் சண்டையை நடுத்தெருவுக்குக் கொண்டுபோவானேன்?"

"கமிட்டியில யாரு இருக்கணும்னு யாரு முடிவு பண்ணுவாங்க?" என்று கேட்டாள் அவள். பறக்க முடியாவிட்டாலும் தினமும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"நிர்வாகம்தான்மா. அவங்க வீடு, அவங்க பந்தி."

ஐந்து பேர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் முன்பே எங்கோ கேட்டது போலிருந்தது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவுமே அதற்கு மேல் தோன்றவில்லை.

சங்கத்துக்கு விண்ணப்பம் தயாராக இருந்தது. கேப்டன்கள் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. ஒருவர் போட்டால் மற்றவர்களும் போடுவார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்க சொல்லுங்க சார், உங்க ரத்தத்துலயே இருக்கே." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று அம்மா என்னைச் சின்ன வயதிலிருந்தே திட்டுவாள். அவள் ஆள் தெரிந்துதான் திட்டியிருக்கிறாள்.

என் ரத்தத்தில் இருந்தது என்ன என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

கோட்டையில் கறுப்பு சிவப்புக் கொடிக்காரர்கள் ஏறிய புதிது. எங்கள் பக்கம் கூலிக்காரர் தெருக்களில் எல்லாம் செங்கொடி ஏறிக்கொண்டிருந்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். அறுப்புக்கு வெளியூர் ஆட்களை இறக்கக்கூடாது என்றார்கள். சில ஊர்களில் மிராசுதார்கள் அடியாட்களை வைத்தார்கள். எங்கள் மிராசுதார் புத்திசாலி, பண்ணைக் கமிட்டி என்று ஒன்று வைத்தார். எங்கள் தெருவிலிருந்து ஐந்து பேரை அவரே பொறுக்கி எடுத்தார். அமாவாசைக்கு அமாவாசை அந்த ஐந்து பேரும் களத்துக்கு வந்து குறைகளைச் சொல்லலாம். உட்கார பெஞ்சு போட்டார்கள். எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. அந்த வீட்டுக் களத்தில் எங்கள் ஆள் ஒருவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஐவரில் ஒருவர் என் அப்பா. சொன்னதையெல்லாம் மிராசுதார் தலையாட்டிக் கேட்பாராம், காரியஸ்தர் எழுதிக்கொள்வாராம். கூலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்த அறுப்புக்கு சங்கம் வேலைநிறுத்தம் என்றது. மிராசுதார் லாரியில் வெளியாட்களைக் கொண்டுவந்து இறக்கினார், போலீஸ் காவலோடு. வரப்பில் முதலில் கமிட்டி ஆட்கள் நடக்க வேண்டும், அவர்கள் பின்னால் வெளியாட்கள் வருவார்கள் என்று ஏற்பாடு. அப்பாதான் முன்னால் நடந்தார். மறித்து நின்றவர்கள் எங்கள் தெரு ஜனங்கள். அன்றைய தடியடியில் அடுத்த வீட்டுக்காரருக்கு வலது மணிக்கட்டு முறிந்து, கோணலாகவே கூடியது. அவர்தான் தெருச் சங்கத்தின் செயலாளர்.

மறு வருடம் மிராசுதார் கொடுத்த ஒரு கடிதத்தோடு நான் தஞ்சாவூரில் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். அங்கிருந்து கல்லூரி, அங்கிருந்து விமானப்படை, அங்கிருந்து கம்பெனி. அந்தக் கடிதத்தைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசியதில்லை. தெருவும் நல்லது கெட்டதுக்கு மேல் அவரோடு பேசியதில்லை.

நான் யோசித்துச் சொல்கிறேன் என்ற அதே வாரத்தில் அப்பா இறந்துபோனார். தம்பி போன் செய்தான். சரி, வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு, பாதி சாப்பிட்டிருந்த இட்லியை முழுதாகச் சாப்பிட்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

வீட்டு வாசலில் பந்தல் போட்டு அப்பாவை ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பெட்டி ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது. அழுகிறவர்கள் நடுவில் நான் அந்தச் சத்தத்தைக் கேட்டு, மோட்டார் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரு மொத்தமும் வந்திருந்தது. குழி வெட்ட ஆள் அனுப்பியது, பறைக்குச் சொல்லிவிட்டது எல்லாம் அந்தக் கோணல் மணிக்கட்டுப் பெரியவர்தான். கெட்டதுக்குப் பேசலாம் அல்லவா.

பதினோரு மணி வாக்கில் ஒரு வேன் வந்தது. கம்பெனியிலிருந்து ஐந்தாறு இளம் பைலட்டுகள், முன்னால் அந்தப் பெண். ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்திருந்தார்கள். அவள் கையில் ஒரு பொட்டலம். பெட்டியருகே வந்து பிரித்தாள். மடிப்புக் கலையாத புதுச் சிவப்புத் துணி. மன்னார்குடியில் கடை திறக்கும்வரை காத்திருந்து வாங்கினார்களாம்.

"சங்கத்துக்காரங்களுக்கு இதுதான் போர்த்தணும்னு சொன்னாங்க சார்," என்றாள் என்னிடம். "அப்பாவுக்கு நாங்க போர்த்தலாமா?"

பறை நின்றுவிட்டது. ஒப்பாரியும் நின்றது. அம்மா என்னைப் பார்த்தாள். தெருவே என்னைப் பார்த்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. காலையிலிருந்து துக்கம் வரட்டும் என்று காத்திருந்தவனுக்கு வெட்கம்தான் வந்து சேர்ந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஐஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரியவர் எழுந்து வந்தார். கோணல் கையால் அந்தத் துணியின் ஒரு முனையைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்ல துணிம்மா. ஆனா இது அவருக்கு வேணாம்."

"ஏங்க ஐயா?"

"உசிரோட இருந்தப்ப எத்தினியோ தடவை கூப்பிட்டோம், வேணாம்னுட்டாரு. அவரு மிராசுதாரு கமிட்டி. வேணாம்னு சொன்ன மனுசனுக்கு, எதுத்துச் சொல்ல முடியாதப்ப போர்த்திவிடக் கூடாதும்மா. அது தப்பு." துணியை அவரே மடித்து அவள் கையில் கொடுத்தார். "நீங்க வச்சுக்கங்க. உங்களுக்கு வேண்டியிருக்கும்."

அவள் என்னைத்தான் பார்த்தாள். கோபமில்லை. மதுரை விமானத்தில் என்னைப் பார்த்த அதே பார்வை. அவள் தோள்பையில் சங்க விண்ணப்பம் இருந்தது, அதன் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. அடக்கம் முடிகிறவரை வெயிலில் நின்றார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தபோது வேன் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சென்னைக்குத் திரும்பினேன். சங்க விண்ணப்பம் கேப்டன் கையெழுத்து இல்லாமல் கிடந்து கரைந்துபோயிருந்தது. கமிட்டி அமைந்துவிட்டது. ஐந்து பேரில் என் பெயரும் இருந்தது.

முதல் கூட்டத்துக்கு நல்ல மேஜை, நல்ல நாற்காலி, பீங்கான் கோப்பையில் காபி. நிர்வாக அதிகாரி என் தோளைத் தட்டினார்.

"உங்க அப்பா பெரிய சங்கத்துக்காரராமே. அதனாலதான் உங்களைப் போட்டோம். நீங்க இருந்தா பசங்க நம்புவாங்க."

"இல்ல சார்," என்றேன். "எங்கப்பாவும் கமிட்டிதான்."

பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன். ஜோக் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றைக்கு ஒரே ஒரு ஃபைல்தான் இருந்தது, அவளுடையது. அன்று கேப்டனுக்குக் களைப்பு எதுவும் இல்லை, ஆகவே கோ-பைலட்டை வேலையிலிருந்து விடுவிக்கக் கமிட்டி பரிந்துரைக்கிறது என்று முன்னதாகவே டைப் செய்து வைத்திருந்தார்கள். கீழே ஐந்து பெயர்கள்.

"அன்னிக்கு கேப்டனா இருந்தது நீங்கதானே," என்று மூத்த கேப்டன் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். "நீங்க முதல்ல போட்டா நல்லா இருக்கும்."

நான் முதலில் போட்டேன். மற்ற நாலு பேரும் என் பின்னால் போட்டார்கள்.