ஆரஞ்சுப் புள்ளி

ஸ்டூடியோக்காரனுக்கு அந்தத் தெருவில் பெயர் துடைப்பம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் கன்னத்து மச்சத்தை அழுக்கு என்று நினைத்து, எல்லாப் படத்திலிருந்தும் துடைத்துவிட்டான். பெண்ணின் அம்மா ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது யாரு வீட்டுப் பொண்ணுப்பா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அந்தப் பெயர். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. சுத்தம் என்று வந்துவிட்டால் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாதுதான்.

டிரோன் வாங்கிய பிறகு கல்யாணங்களைக் குறைத்துக்கொண்டு மலைப் பக்கம் போக ஆரம்பித்தான். முகங்களோடு மல்லுக்கட்டி அலுத்துப்போயிருந்தது. என் மூக்கு ஏன் கோணலாக இருக்கிறது என்று எந்தப் பாறையும் சண்டைக்கு வராது. செங்குத்தான பாறைகளையும் பள்ளத்தாக்கையும் அவன் எடுக்க, ஓட்டல்காரர்கள் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி மாட்டினார்கள். படத்தில் மனித வாடையே இருக்கக் கூடாது என்பது அவன் பிடிவாதம். கம்பம், கம்பி, தண்ணீர் பாட்டில், எது கண்ணில் பட்டாலும் கம்ப்யூட்டரில் அழித்துவிடுவான். அந்த வேலைக்கு அவன் வைத்த பெயர் தூசி தட்டுவது. மனைவி சாப்பிடக் கூப்பிட்டால், "தூசி தட்டிட்டு வந்துடறேன்" என்பான். சாப்பாடு ஆறி அவலாகிக் கிடக்கும்.

அன்று காலை அவன் கடை திறந்ததுமே பக்கத்துக் கடைத் தையல்காரி உள்ளே வந்தாள். அவள் கணவர் வெல்டர். முதல் நாள் மத்தியானம் மலைப்பாதையில் உடைந்த கைப்பிடிக் கம்பியைப் பற்றவைக்கப் போனவர் திரும்பவில்லை. பைக் அங்கேயே நிற்கிறது. போன் போகவில்லை. ராத்திரியெல்லாம் ஆட்கள் பள்ளத்தில் இறங்கித் தேடியிருக்கிறார்கள்.

"நேத்து சாயங்காலம் நீ அந்தப் பக்கம்தானே பறக்க விட்ட, தம்பி? மாமா எங்கயாச்சும் தெரிஞ்சாரா?"

"இல்லக்கா. ஒரு ஈ காக்கா இல்ல. வேணும்னா பாருங்க."

ஓட்டலுக்காகத் தயார் செய்து வைத்திருந்த படத்தைத் திரையில் போட்டான். பாறை முழுக்கச் சாயங்கால வெயில். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஓரம் ஓரமாகப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"மாமா என்ன சட்டை போட்டிருந்தாரு?"

"ஆரஞ்சு. நான் தெச்சது. ரோட்டுல வேலை செய்யறப்ப வண்டிக்காரங்க கண்ணுல படணுமேன்னு அந்தக் கலர் எடுத்தேன்."

நேற்றுத் தூசி தட்டும்போது பாறை இடுக்கில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி இருந்தது. எவனோ தின்றுவிட்டு எறிந்த சிப்ஸ் பாக்கெட் என்று, திட்டிக்கொண்டேதான் அதை அழித்தான்.

துடைக்காத படத்தைத் திறந்தான். புள்ளியைப் பெரிதாக்கினான். சட்டை தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினான். கம்பிக்கு நேர் கீழே, பாதையிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியாத பாறை விளிம்பில் ஒரு ஆள் மல்லாந்து கிடந்தார். இரண்டு கையையும் மேலே தூக்கியிருந்தார்.

அவள் அலறவில்லை. திரையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"அப்ப அந்தப் படத்துல ஏன் இல்ல?"

"கெளம்புங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் பைக்கை எடுத்தான்.

தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி இறங்கி வெல்டரைத் தூக்கினார்கள். உயிர் இருந்தது. காலில் எலும்பு முறிந்து தொடை வீங்கியிருந்தது. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அவர் முதலில் தேடியது துடைப்பத்தைத்தான்.

"வந்துட்டியா மாப்ள," என்றார். "நேத்து உன் டிரோன் என் தலைக்கு நேரா வந்து நின்னுச்சு பாரு, அப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு. எங்க மாப்ள கண்ணுல பட்டாச்சு, இனி என்ன கவலைன்னு, கத்துறதையே நிறுத்திட்டேன்."

துடைப்பம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ராத்திரி கீழ ஆளுங்க பேசிக்கிட்டே போனாங்க. ஒரு குரல் குடுத்திருந்தா கேட்டிருக்கும். நீ அனுப்புன ஆளுங்கதானே, நான் இருக்கற எடம் அவங்களுக்குத் தெரியும், வந்துருவாங்கன்னு சும்மா கெடந்துட்டேன். ஏம்ப்பா, வழி மாறிப் போயிட்டாங்களா?"

தையல்காரி ஈரத்துணியால் கணவரின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவள், நிமிராமலேயே சொன்னாள்.

"தம்பி, நீயே சொல்லு. மாமா கேக்கறாருல்ல."