ஒரு மூச்சுப் பாட்டு

எழுபதுகளில் மீனாட்சிபுரத்தில் நான் பள்ளிக்கூட வாத்தியார். ஆர்மோனியம் வாசிக்கும் நண்பனோடு சேர்ந்து நாடகங்களுக்குப் பாட்டும் கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் சடுகுடு குழு மூன்று வருஷமாகப் பொங்கல் போட்டியில் தோற்றிருந்தது. இந்த முறையும் தோற்றால் கலைத்துவிடுவது என்று ஊரே பேசிக்கொண்டது. எதிராளி பக்கம் பாடிப் போகிறவனுக்குப் புதுப் பாட்டு வேண்டும் என்று குழுவினர் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டு வரி எழுதினோம். கடைசி இரண்டும் ஊரின் பழைய ஆட்டக்காரர் ஒருவரின் புகழ். நான் எழுதியதிலேயே உசத்தியான வரிகள் அவை; கர்வம் என்றாலும் சரி.

அவரையே கூப்பிட்டுப் பாடிக் காட்டினோம். ஒரு காலத்தில் நாலு பேர் பிடித்தாலும் இழுத்துக்கொண்டு வந்து கோட்டைத் தொட்டவர். நெஞ்சில் இளைப்பு வந்து நாற்பது வயதில் ஆட்டத்தை விட்டிருந்தார்.

“ஏனுங்க வாத்தியாரே, நடுவுல மூச்சு வாங்கறீங்களே. களத்துல வாங்குனா அவுட்டுங்க.”

நாற்காலியில் உட்கார்ந்து எழுதினால் இப்படித்தான். எனக்கு முகம் சுண்டிப்போனது.

“நானே பாடிப் பாக்கறனுங்க. என்ற மூச்சுல அடங்குனா எவன் மூச்சுலயும் அடங்கும்” என்று துண்டை இடுப்பில் இறுக்கிக் களத்தில் இறங்கினார்.

ஐந்தாம் வரியில் இருமல் பிடுங்கியது. போதுமென்று நண்பன் கெஞ்சினான். “சும்மா இருங்க” என்று அதட்டிவிட்டு மறுபடி போனார். அடுத்த நான்கு நாளும் பால் கறந்து ஊற்றிவிட்டு சாயங்காலம் வந்துவிடுவார். மூச்சைத் தடுக்கும் சொல்லையெல்லாம் வெட்டச் சொன்னார், வெட்டினேன். அப்படியும் திரும்பி வரும்போது கோட்டுக்கு இரண்டு முழம் முன்னால் மூச்சு அறுந்தது.

“அந்தக் கடேசி ரெண்டு வரிய எடுத்துருங்க.”

“அது உங்களப் பத்தினதுங்க! வேற ரெண்ட எடுத்தர்றேன்.”

“மத்தது ஆடறவனுக்குத் தெம்புங்க. இது எனக்கு மட்டுந்தானுங்க.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பேனாவைத் திறக்கவில்லை. அவர் என்னோடு வாதாடாமல் எழுந்தார். ஆறு வரியை மட்டும் பாடிக்கொண்டு போனார், எதிர்க்கோட்டை மிதித்தார், திரும்பினார். கழுத்து நரம்பு புடைத்தது. கடைசிச் சொல் வாயில் இருக்கும்போதே குப்புற விழுந்து நடுக்கோட்டில் கையை வைத்தார்.

நான் அழுதுவிட்டேன். அவர் தரையில் கிடந்தபடியே என் பேனாவைக் காட்டி, அந்த இரண்டு வரியையும் அடி என்று சைகை செய்தார்.