நரம்பு வலிக் குளிசை

பார்மசிப் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் எங்களை மருந்துக் கடைகளுக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். எனக்குக் கிடைத்தது சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடை. வெங்காயம் விற்க வந்தவர்கள் திரும்பும்போது பிரஷர் குளிசையும் வாங்கிக்கொண்டு போவார்கள். முதலாளி பயந்த மனிதர். எனக்கோ வாய் நீளம்.

ஒரு மத்தியானம் இளைஞன் ஒருவன் வந்து நரம்பு வலிக்குக் கொடுக்கும் குளிசையைக் கேட்டான். அதைப் போதைக்கு விழுங்குகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

"டொக்டர் மருந்து எழுதின துண்டு இருக்கோ?"

"இல்லை அக்கா. மற்றக் கடையளிலை சும்மா தருகினம்."

"உனக்கு நரம்பிலை ஒரு வருத்தமும் இல்லை. நரம்பு அறுந்தாப் பிறகு வா, தாறன்."

கடையில் நின்ற சனம் சிரித்தது. அவன் முகம் கறுத்துப்போய்விட்டது. எனக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோஷம்.

மறுநாள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். மூவரும் முகத்தைத் துணியால் கட்டியிருந்தார்கள். ஆனால் இவன் சேர்ட்டைக்கூட மாற்றவில்லை. வந்த வேகத்திலேயே கண்ணாடி மேசையை வாளால் கொத்தினார்கள். சனம் தெருவுக்கு ஓடியது. முதலாளி தட்டுக்குக் கீழே புகுந்துவிட்டார். அலுமாரி சரிந்து விழுந்தது. வாள் என் தோளை உரசிக்கொண்டு சுவரில் பட்டது.

பயத்தைவிட எனக்குக் கோபம்தான் முந்தியது. கைக்கு எட்டிய இருமல் பாணிப் போத்தலைத் தூக்கி அவன் நெஞ்சில் எறிந்தேன். அது நிலத்தில் விழுந்து சிதறியது. அவன் என்னை வெட்டப் பாய்ந்தபோது அந்தப் பாணியிலேயே கால் வழுக்கி, உடைந்த மேசைக் கண்ணாடியின் மேல் வலது கையோடு விழுந்தான். முழங்கைக்குக் கீழே சதை பிளந்து இரத்தம் சீறியது. கூட வந்தவர்கள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார்கள்.

"சாகட்டும், விடு பிள்ளை!" என்று முதலாளி கத்தினார்.

எனக்கும் அவன் செத்தால் நல்லது என்றுதான் இருந்தது. ஆனாலும் பஞ்சுக் கட்டை அந்தப் பிளவுக்குள் திணித்து, முழங்காலால் அழுத்திக்கொண்டேன். அவன் அலறினான். இன்னும் பலமாக அழுத்தினேன். அம்புலன்ஸ் வரும்வரை வாய்க்கு வந்தபடி அவனை ஏசிக்கொண்டே இருந்தேன்.

சில மாதங்களுக்குப் பிறகு, பயிற்சி முடிகிற கிழமை அவன் மறுபடி கடைக்கு வந்தான். பிணையில் வந்திருக்க வேண்டும். முதலாளி உடனே பின்பக்கம் போய்விட்டார். இவன் இடது கையால் ஒரு துண்டை மேசையில் வைத்தான். ஆஸ்பத்திரித் துண்டு, டொக்டரின் முத்திரையோடு. அதே குளிசை.

"நரம்பு அறுந்திட்டுதாம். இரவெல்லாம் எரியுது அக்கா."

துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிழை ஏதும் இருந்தால் நன்றாக இருக்குமே என்றிருந்தது. இருக்கவில்லை. குளிசையை எடுத்து உறையில் போட்டேன். இந்தக் குளிசை கொடுக்கும்போது சொல்லவேண்டியவற்றை எங்களுக்குப் பாடமாக்கித் தந்திருந்தார்கள். யோசிக்காமல் அப்படியே ஒப்புவித்தேன்.

"நித்திரை வரும். இதைப் போட்டிட்டு மோட்டார் சைக்கிள் ஓடக் கூடாது."

அவன் வலது கையைத் தூக்கி மேசையில் வைத்தான். விரல்கள் மடிந்தபடியே இருந்தன.

"எந்தக் கையாலை அக்கா ஓடுறது?"