இறக்கக் கூடாத மூட்டை

சவுரியம்மாளுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அவள் கத்திக்கொண்டிருக்கும் வரை யாரும் கவலைப்பட மாட்டார்கள். மெதுவாகப் பேச ஆரம்பித்தால் வாசலில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து அந்தப் பக்கம் போய்விடும். பர்மா அரிசி நின்றுபோன வருஷம், தன் மகன் மாசிலாமணியின் கல்யாணத்தின்போது, அவள் மிக மெதுவாகப் பேசினாள்.

விழுப்புரத்துக்கு மேற்கே, முகையூர் போகிற வழியில் இருந்த அந்தச் சேரியில் கல்யாணம் என்று பேச்செடுத்தால் முதலில் பெண் வீட்டுக்குப் போக மாட்டார்கள், பண்ணை வீட்டுக்குப் போவார்கள். பண்ணை வெங்கடாசலம் ஒரு மூட்டை நெல் கொடுப்பார். வட்டி கேட்க மாட்டார். கைநாட்டுகூட வாங்க மாட்டார். அவ்வளவு தாராள மனசு! மூட்டை கல்யாணப் பந்தலுக்குள் இறங்கிய மறுநாளிலிருந்து மாப்பிள்ளை அவருக்குப் படியாள். விடியுமுன்னே மாட்டுக்கொட்டகை, பொழுது சாய்ந்த பிறகும் களம். கூலி என்று அளக்கிற தானியம் அரை வயிற்றுக்கே காணாது, கடன் எங்கே கழியும்? அவன் செத்தால் அவன் பிள்ளை வந்து அதே கொட்டகையில் நிற்க வேண்டும். இதற்குத் தர்மம் என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவன் நாசமாய்ப் போக.

சவுரியம்மாளின் கல்யாணத்துக்கும் அப்படித்தான் ஒரு மூட்டை இறங்கியது. அதற்காக அவள் புருஷன் ஆயுசு முழுக்க உழைத்தான். அவனோடு சேர்ந்து சாணி அள்ளிய இவள், அவன் வாந்திபேதியில் போன பிறகும் அள்ளினாள். மாதா கோயில் சாமியார் நடுவில் நின்று பல தடவை பேசிய பிறகுதான் "சரி, தொலையட்டும்" என்று பண்ணை வாயைத் திறந்து சொன்னார். அவள் தம்பி சின்னக்கண்ணுவுக்கு அந்த வார்த்தையும் கிடைக்கவில்லை. தன் கல்யாண மூட்டைக்கு அவன் இன்னும் பண்ணையில் மாடு ஓட்டிக்கொண்டிருந்தான்.

மாசிலாமணியை மட்டும் அவள் தப்பவைத்திருந்தாள். மீசை முளைக்குமுன்னே விழுப்புரத்தில் இருந்த தங்கை இருதயமேரியின் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். தங்கை புருஷன் ஸ்டேஷனில் இஞ்சினுக்குக் கரி அள்ளுகிறவன், அவன் பின்னாலேயே இவனும் கரி அள்ளப் போனான். கறுப்பாய்ப் போய் இன்னும் கறுப்பாய்த் திரும்புகிற வேலைதான், ஆனால் சங்கு ஊதினால் வீட்டுக்குப் போகலாம். திண்டிவனத்து மண்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை உடைக்கிற பூமாலையை அவனுக்குப் பேசி முடித்தார்கள். கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்து அறிவித்தபோது சேதி பண்ணை காதுக்கும் போய்விட்டது.

சின்னக்கண்ணு தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"யக்கா, ஆண்டே கேக்கறாரு. புள்ளைக்குக் கல்யாணமாமே, ஏன் வந்து சொல்லலன்னு."

"சொன்னா மூட்ட வரும். அதான் சொல்லல."

"சோத்துக்கு இன்னா பண்ணுவ?"

"நம்ம ஜனங்க இருக்காங்க."

இருந்தார்கள். இருதயமேரி தன் கல்யாணப் புடவையைத் துவைத்துப் பூமாலைக்குக் கொடுத்தாள். வளவனூரில் கரும்பு வெட்டப் போகும் நாத்தனார் அம்சவள்ளி வெல்லம் கொண்டுவருவதாகச் சொன்னாள். பெண்ணின் அப்பா கண்ணையன், நகை கேட்காத சம்பந்திக்கு மல்லாட்டை கொடுக்காமல் இருப்பேனா என்றார். சேரியில் வீட்டுக்கு வீடு கேப்பை அளந்தார்கள். அரிசி மட்டும் இல்லை. யுத்தம் அரிசியை ஏழைகள் கண்ணிலிருந்தே எடுத்துவிட்டிருந்தது.

அங்கேதான் புகைச்சல் கிளம்பியது. உதவுகிற சொந்தம் என்றால் வாயும் சேர்ந்துதானே வரும். மாசிலாமணியின் பெரியப்பா சவுரிராயன் தலையில் அடித்துக்கொண்டார். "கல்யாணத்துக்குக் களியா கிண்டுவாங்க? நாலு பேர் காறித் துப்ப மாட்டான்?"

"துப்பட்டும் மாமா. துப்பறவன் எவனும் கொட்டாயில வந்து எம்புள்ளைக்குப் பதிலா நிக்கப் போறதில்ல."

திண்டிவனத்துக் கோயிலில் தாலி கட்டி முடிந்தது. குண்டுக்குப் பயந்து மதராசிலிருந்து ஓடிவந்த கூட்டத்தோடு ரயிலில் நசுங்கி விழுப்புரம் வந்து, மறுநாள் காலை வண்டி கட்டிச் சேரிக்கு வந்தார்கள். வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். தாய்மாமன் வந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் கைபிடித்து உள்ளே அழைத்துப்போய் உட்காரவைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பந்தி. அந்தத் தாய்மாமன் சின்னக்கண்ணு. அவனைத்தான் எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வந்தான். தலையில் நெல் மூட்டையோடு வந்தான்.

கேட்காத மூட்டை. அதையும் சொந்தத் தம்பி தலையில் ஏற்றி அனுப்பியிருந்தார் வெங்கடாசலம். வேறு ஆளா இல்லை பண்ணையில்? மாப்பிள்ளையின் மாமன் சுமந்துபோனால் அக்கா மறுக்க மாட்டாள் என்கிற கணக்கு. மனுஷன் செய்கிற காரியமா இது? பந்தல் கால் ஓரம் சின்னக்கண்ணு நின்றான். கழுத்து நரம்பு புடைத்துக் கண் சிவந்திருந்தது.

"யக்கா, ஆண்டே குடுத்தாரு..." என்று மூட்டையைச் சாய்க்கப் போனான்.

"எறக்காத."

பந்தலே அடங்கிப்போகும்படி மெதுவாகச் சொன்னாள். சவுரிராயன் எழுந்தார். "ஏம்மா, வூடு தேடி வந்த நெல்லு. ஒரு வேள சோறு போடலாமே. அப்பறம் பாத்துக்கலாம்."

"அப்பறம் பாத்துக்கினு இருக்கறவன்தான் மாமா இதோ நிக்கறான். அவன் கழுத்தப் பாருங்க."

மாசிலாமணி மூட்டையைத் தாங்க ஓடினான். அவள் அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள். "நீ தொட்டா வாங்கிக்கினன்னு சொல்லுவாங்க. எந்த ஆம்பளையும் தொடக் கூடாது."

திரும்பக் கொண்டுபோ என்று தம்பியிடம் சொல்ல முடியாது. போனால் முதுகுத்தோல் உரியும். இறக்கவும் கூடாது. பந்தல் ஓரத்தில் நட்டிருந்த மூங்கிலை அவளே பிடுங்கினாள். இருதயமேரி கிணற்றுக் கயிற்றை எடுத்து ஓடிவந்தாள். சின்னக்கண்ணுவைக் குந்தவைத்து, மூட்டை தரையைத் தொடாமல் மூங்கிலில் கட்டினார்கள். முன்னால் அக்காளும் தங்கையும், பின்னால் அம்சவள்ளி. நாலாவது தோளுக்கு ஆள் பார்ப்பதற்குள் கல்யாணப் பெண் பூமாலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீ வாணாம்மா" என்றாள் சவுரியம்மாள்.

"எம்புருஷனுக்கு வந்த மூட்டதானே அத்த? நான் தூக்கறேன்."

"பாட தூக்கற மாதிரி தூக்கறாளுங்களே, கல்யாண நாளும் அதுவுமா" என்று சவுரிராயன் புலம்பினார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாலு பெண்களும் நடந்தார்கள், சின்னக்கண்ணு வெறும் தலையோடு பின்னால் போனான்.

வெங்கடாசலம் சாய்வு நாற்காலியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். மூட்டை வாசலில் இறங்கியதும் மெல்லுவது நின்றது.

"இன்னாடி, குடுத்தத திருப்பிக் கொண்டாந்திருக்க? கொழுப்பா?"

"இல்ல ஆண்டே. களி துன்றவங்கதான் வந்திருக்காங்க. எங்களுக்கு நெல்லு செரிக்காது."

"உம்புள்ள எந்த மண்ணுல பொறந்தான்னு மறந்துட்டியா?"

"மறக்கல ஆண்டே. அவன் பொறந்த அன்னிக்கும் ஒங்க கொட்டாயிலதான் சாணி அள்ளிக்கினு இருந்தேன்."

ரயிலில் வேலை செய்கிறவனை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. கைக்கு எட்டியவன் பக்கத்திலேயே நின்றான்.

"டேய் சின்னக்கண்ணு, மூட்டைய உள்ள வெய்யி. வெச்சுட்டு மாட்ட ஓட்டிக்கினு போய்த் தண்ணி எறை. பொழுது சாயற வரைக்கும் கெணத்த உட்டு நவுரக் கூடாது."

தாய்மாமனில்லாமல் பந்தியா என்று ஊருக்கே தெரிந்து செய்த வேலை. சின்னக்கண்ணு அக்காவின் முகத்தைப் பார்க்காமல் குனிந்து, அதே மூட்டையைத் திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனான். சவுரியம்மாள் மகனைக் காப்பாற்றிவிட்டாள், தம்பியை அல்ல. வாய்விட்டு அழுதிருப்பாள், வெங்கடாசலம் பார்த்துக்கொண்டிருந்ததால் அழவில்லை.

பந்தலுக்குத் திரும்பியதும் அடுப்பிலிருந்த களிப்பானையை இறக்கச் சொன்னாள். "பந்தி இங்க இல்ல. எல்லாரும் எழுந்து வாங்க."

பண்ணைக் கிணற்றை ஒட்டிப் போகிற வண்டிப்பாதை சர்க்கார் பாதை. அதில் உட்காராதே என்று எவனும் சொல்ல முடியாது. பானை, வெல்லம், மல்லாட்டைத் துவையல், கல்யாணக் கூட்டம் எல்லாம் அங்கே வந்து வெயிலில் வரிசையாக உட்கார்ந்தது. முணுமுணுத்துக்கொண்டே வந்த சவுரிராயனும் துண்டை விரித்து உட்கார்ந்தார். கிணற்று மேட்டில் மாட்டை ஓட்டிக்கொண்டிருந்த சின்னக்கண்ணு கயிற்றைப் பிடித்தபடி விழித்தான். மாசிலாமணியும் பூமாலையும் அவன் எதிரே போய் நின்றார்கள். வாய்க்காலில் கையைக் கழுவி இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு அவன் இறங்கி வந்தான், இருவர் கையையும் பிடித்துப் பாதையில் உட்காரவைத்தான். போக எழுந்தவனைச் சவுரியம்மாள் தோளைப் பிடித்து அழுத்தி, மந்தார இலையில் களி உருண்டையை வைத்தாள்.

"யக்கா, ஆண்டே..."

"உன் கல்யாணத்துல துன்ன சோத்துக்கு நீ இன்னும் எறைச்சுக்கினு கீற. இந்தக் களிக்கு யாரும் எறைக்க வாணாம். துன்னு."

பண்ணை வீட்டுப் பக்கமிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். இன்னும் ஒரு தடவை கத்தினார்கள். சின்னக்கண்ணு உருண்டையை விண்டு, துவையலில் தோய்த்து, தின்று முடித்த பிறகுதான் எழுந்தான்.