நடுச்சுவர்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் கிருமி சார் என்று பெயர். நோய் பரப்புகிறவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் மைக்ராஸ்கோப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பாக்டீரியா இரண்டாகப் பிரிவதைப் பார்ப்பது அவர் வேலை. பகல் முழுக்கத் திரையைப் பார்த்துக் கண் சிவந்து வருவார். எதிரே மலை மாதிரி நிற்கிற என்னைக் கண்டுகொள்ள மாட்டார். வீட்டில் பேச்சு தடித்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். கல்யாணமான புதிதில் இதைப் பொறுமை என்று நினைத்தேன். பொறுமையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அலுப்பு.

அந்த அலுப்போடுதான் அவரும் அவர் அண்ணனும் வீட்டைப் பாகம் பிரித்தார்கள். அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக். ஒரே கூரையில் இரண்டு குடித்தனம், ஒரே அடுப்படி. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்? எனக்கும் ஓரகத்திக்கும் பேச்சு நின்றுபோய், பாத்திரங்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன. கூடத்தின் நடுவே சுவர் வைப்பதென்று முடிவானது. தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி எல்லாம் பிரித்தாயிற்று. மாமியார் யார் பக்கம் என்று மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து கூடியதிலிருந்து ஆள் பிடிக்காமல் எழுந்திருக்க முடியாது. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நானும் ஓரகத்தியும் முறை வைத்துத்தான். நல்ல மனுஷிதான், வாய் திறந்து ஒரு குறை சொன்னதில்லை. ஆனாலும் இடுப்பு விட்டுப்போவது என்னவோ நமக்குத்தானே.

கொத்தனார் வந்து கூடத்தில் நூல் பிடித்தார். நூல் நேராக மாமியார் கட்டிலுக்கு அடியில் போனது.

"கட்டில எந்தப் பக்கம் நகத்தட்டும்?" என்று கேட்டார்.

"அம்மா இஷ்டம்" என்றார் அண்ணன்.

"ஆமா, அம்மா இஷ்டம்" என்றார் இவர்.

எங்கள் வீட்டில் அம்மா இஷ்டம் என்றால் சொல்கிறவருக்கு இஷ்டமில்லை என்று அர்த்தம். கொத்தனாருக்கு அது எப்படித் தெரியும்? அவர் மாமியார் முகத்தைப் பார்த்தார். மாமியார் கூரையைப் பார்த்தார். கடைசியில் கொத்தனார் இரண்டு ஓரத்திலிருந்தும் செங்கல் அடுக்கிக்கொண்டு வந்து, கட்டில் அகலத்துக்கு மட்டும் நடுவில் இடம் விட்டு நிறுத்திவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது இவர் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுவுல டி.என்.ஏ. கிடக்கிற வரைக்கும் சுவர் எழும்பாது, தெரியுமா?"

"எங்க, கிருமியிலயா, நம்ம வீட்டுலயா?"

கேட்டது தப்பாகிவிட்டது. மனுஷர் தட்டில் ஒரு வட்டம் போட்டுக் காட்ட ஆரம்பித்தார். கிருமிக்கு ஒரே குரோமோசோமாம், வளையம் மாதிரி. ஒரு புள்ளியில் நகல் எடுக்கத் தொடங்குமாம். முழுசாக எடுத்து முடியட்டும் என்று காத்திருக்காதாம். அந்தப் புள்ளியின் இரண்டு நகலும் ஆளுக்கொரு கோடிக்கு அப்போதே விலகத் தொடங்கிவிடுமாம். இவர் பார்க்கிற வகையில் ஒரு புரதம் அந்தப் புள்ளியில் உட்கார, இன்னொன்று அதைக் கோடிக்கு இழுத்துப் போகுமாம். நடு இடம் காலியான பிறகுதான் கிருமியை இரண்டாக்குகிற சுவர் எழும்புமாம். டி.என்.ஏ. கொஞ்சம் சிக்கிக்கொண்டால்கூடச் சுவரிலேயே ஒரு பம்ப் இருந்து, அதை அதன் பக்கம் இழுத்துவிடுமாம்.

"அப்ப அங்க யாரு பக்கம்னு சண்டையே வராதா?"

"ரெண்டு பேருக்கும் முழுசா ஒண்ணு இருக்கும். அப்புறம் என்ன சண்டை?"

"அப்ப நீங்களும் அம்மாவ ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க. ஆளுக்கு ஒண்ணா வச்சுக்கலாம்."

சிரித்துவிட்டு, "சிலதுல தப்பாப் போயிடும்" என்றார். "ரெண்டும் ஒரே பக்கம் போயிடும். இன்னொரு பக்கம் வெறுங்கூடு. பாக்க உசுரோட இருக்கிற மாதிரிதான் இருக்கும். ஆனா வளராது."

"சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றேன்.

வெறுங்கூடாகவே இருந்துவிட்டுப் போகிறோம் என்றுதான் எனக்குத் தோன்றியது. மாமியார் அந்தப் பக்கம் போய்விட வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். ஓரகத்தியும் இதையேதான் வேண்டியிருப்பாள். வீட்டுக்கு வீடு வாசப்படி.

கொத்தனார் இரண்டு தடவை வந்து திரும்பிப் போனார். மூன்றாவது தடவை கலவையைக் குழைத்துக்கொண்டே, "எனக்கும் வேற வேலை கிடக்கு சார். இன்னைக்காவது சொல்லிடுங்க" என்றார்.

அண்ணன் சுவரைத் தடவினார், ஓரகத்தி அவர் பின்னால் நின்றாள். இவர் சட்டையைத் தேடினார்.

மாமியார் முதல் தடவையாகப் பேசினார். "இஷ்டம் இஷ்டம்னு என்னையே கேக்கிறீங்களேப்பா. எனக்கு ரெண்டு பக்கமும் இஷ்டந்தான். வேணாம்னு சொல்றது யாருன்னு சொல்லுங்க, அடுத்த பக்கம் போயிடறேன்."

ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. சொன்னாலும் பொல்லாப்பு, சொல்லாவிட்டாலும் பொல்லாப்பு.

சட்டையைக் கையில் பிடித்தபடி நின்ற இவர், "எங்க பக்கம்" என்றார்.

என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இருந்திருக்காது. ஆனால் மாமியார் என்னைத்தான் பார்த்தார். பெற்ற மகன் வாயிலிருந்து வந்த வார்த்தையை அவர் எடுத்துக்கொள்ளவே இல்லை. என் வாயிலிருந்து என்ன வருகிறது என்று காத்திருந்தார்.

"வாங்க அத்தை" என்றேன்.

சொல்லத்தான் சொன்னேன். ஆனால் தாமதமாகச் சொன்னேன். ஒரு பெருமூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். அந்தத் தாமதம் அவர் காதில் விழுந்துவிட்டது.

"சரிம்மா" என்றார். நான் கட்டிலருகே போய்க் கை நீட்டுவதற்குள், அவர் கொத்தனார் நின்ற பக்கமாகத் திரும்பி, "ஏம்பா, கொஞ்சம் கை குடு" என்று அவரைக் கூப்பிட்டார்.

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அவரைத் தாங்கிப் பிடித்து எங்கள் பக்கம் கூட்டிவந்தார். வீட்டு ஆட்கள் நாங்கள் நாலு பேரும் ஒதுங்கி வழி விட்டோம்.