பேருக்கு முன்னால் ஓர் எழுத்து

ஒரே ஓர் எழுத்து. அதனால் எனக்குச் சில நாளாகச் சோறு இறங்கவில்லை.

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே... பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். பஸ்ஸில் பாதி வழி போன பிறகு, கேஸை அணைத்தேனா என்று பக்கத்து சீட்டு அம்மாவிடம் கேட்டவள். அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? இப்படிப்பட்டவளிடம் போய் ஓர் அரசியல் குடும்பத்தின் பேர்ப்பலகையை எழுதக் கொடுத்தால் என்ன ஆகும்?

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் சுற்றிலும் எல்லோரும் பொம்மை செய்கிறார்கள். எங்கள் பட்டறையில் மட்டும் வீட்டு வாசலில் மாட்டுகிற பேர்ப்பலகை. பலகையைச் சுற்றிப் பூ வரைவது ஜமீலா. எழுத்து எழுதுவது நான். எட்டாவதோடு நின்றவளுக்கு எழுத்து வேலை! அதுவும் சூளையில் வெந்து வெளியே வந்துவிட்டால் அழிக்கவே முடியாத எழுத்து. ஒரு புள்ளி விட்டுப்போனால் போனதுதான்.

தேன்மொழியை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. நடந்ததை இந்தப் பத்தியில் எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதுங்கக்கா. பேரை மட்டும் சரியா எழுதுங்க" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்பதுதான் கதை.

அவர் அப்பா பொன்னுரங்கம். அந்தக் காலத்தில் எம்.எல்.ஏ. எங்கள் பக்கத்தில் அவரை 'ஐயா' என்றால் போதும். ஓர் உள்ளாட்சித் தேர்தலில் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது ஐயா மகளை நிறுத்தினார். சுவரொட்டியில் ஐயா முகம் முறம் அகலத்துக்கு. கீழே மருமகன் மதியழகன், கும்பிட்ட கையோடு. நிற்கிற வேட்பாளர் எங்கே என்று தேடினால், ஒரு மூலையில் தபால்தலை சைஸில் தேன்மொழி.

ஜெயித்தார். கூட்டங்களில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் மதியழகன் உட்கார்ந்து பதில் சொன்னார். எதிர்க்கட்சிக்காரர்கள் மைக் பிடித்தால் முதல் வார்த்தையே 'பொம்மைத் தலைவி'தான். எங்கள் ஊரில் 'பொம்மை' என்றால் கைதட்டலுக்குப் பஞ்சமா?

பிறகு ஐயா காலமானார். தேன்மொழி மறுபடி நின்றார், மறுபடி ஜெயித்தார். நின்றுபோயிருந்த ஸ்ரீமுஷ்ணம் டவுன் பஸ் திரும்ப ஓட ஆரம்பித்தது. அதைக் கொண்டுவந்தது யார்? தேன்மொழியம்மாதான் அலைஞ்சாங்க என்றார் கண்டக்டர். இல்லை, எல்லாம் வீட்டுக்காரர் பார்த்த வேலை என்றார் டீக்கடைக்காரர். நான் அதே பஸ்ஸில்தான் போகிறேன். இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தேன்மொழி இங்கே சொந்தமாக ஓர் ஆபீஸ் திறக்கப் போகிறார். சட்டசபைக்கு நிற்கத்தான் என்று ஊரில் பேச்சு. அதன் வாசலுக்குப் பலகை வேண்டும் என்று வந்தவர் கோதண்டம். ஐயா காலத்திலிருந்து அந்த வீட்டு ஆள்.

"பாப்பா ஆபீஸ் தொறக்குதும்மா. 'பொ. தேன்மொழி'ன்னு எழுதுங்க. ஐயா எழுத்து. அதுக்குத்தான் ஓட்டே. அதுல மட்டும் கைய வெச்சிடாதீங்க."

தேன்மொழிக்கு வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். கோதண்டத்துக்கு இன்னும் பாப்பா.

அவர் தலை மறைந்ததும் போன். மதியழகன்.

"மேடம், அந்தப் பெருசு வந்து பழைய பாட்டு பாடியிருக்கும். நீங்க 'ம. தேன்மொழி'ன்னு போட்டுடுங்க. கல்யாணமான பொம்பளைக்கு அப்பா இனிஷியல் போட்டா, புருஷன வுட்டுட்டாங்களான்னு கேக்கமாட்டாங்களா?"

கேட்பார்களே! எனக்கு அந்தப் பயமும் தொற்றிக்கொண்டது.

தேன்மொழியையே கேட்டுவிடலாம் என்று பார்த்தால் அவர் நம்பர் இல்லை. கோதண்டம் நம்பர் இருந்தது. மதியழகன் நம்பர் இருந்தது. டிரைவர் நம்பர்கூட இருந்தது. அவர் பேர்ப்பலகைக்கு அவரைத் தவிர எல்லோர் நம்பரும் என்னிடம் இருந்தது!

"ரெண்டையும் போட்டுடுங்கக்கா. யாருக்கும் மனஸ்தாபம் இல்ல" என்றாள் ஜமீலா.

அடடா, இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? பெரியவர் எழுத்து முதலில், வீட்டுக்காரர் எழுத்து அடுத்து. அழகாக எழுதினேன். புள்ளிகளை எண்ணிச் சரிபார்த்தேன். சூளைக்குள் போனது. அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன் — கடைசிச் சாப்பாடு போல.

ஆறிய பிறகு பலகையை வெளியே எடுத்த ஜமீலா, துணியால் துடைத்துக்கொண்டே வாய்விட்டுப் படித்தாள்.

"பொ... ம... தேன்மொழி." நிறுத்தினாள். "க்கா..."

"என்னாடி?"

"பொம்ம தேன்மொழிக்கா!"

அவள் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். நான் பலகையை வாங்கிப் படித்தேன். எழுத்தைத் தனித்தனியாகப் பார்த்தவள், சேர்த்துப் படிக்கவில்லையே! வேறு எந்த ஊராக இருந்தாலும் தப்பித்திருப்பேன். பொம்மை செய்கிற ஊரில், பொம்மை என்று ஏசப்படுகிற பெண்மணிக்கு, நானே என் கையால் 'பொம்ம' என்று எழுதிச் சுட்டும் வைத்திருக்கிறேன். மறுநாள் திறப்பு விழா. அடுத்த சூளை ஏற்றவோ இரண்டு நாள் ஆகும்.

வேண்டுமென்றே செய்ததாகச் சொன்னால்? எதிர்க்கட்சிக்காரன் சொல்லிக்கொடுத்தான் என்றால்? கட்சி ஆட்கள் வந்து பட்டறைக்குள் நின்றால்? ஊரைவிட்டே போய்விடலாமா என்று நினைத்தேன். எங்கே போவது? திட்டக்குடியில் என் தங்கை வீடு இருக்கிறது. ஆனால் திட்டக்குடியிலும் அவர் கட்சி இருக்கிறதே...

அதற்குள் வாசலில் கார். கோதண்டத்தோடு தேன்மொழியே இறங்கி வந்தார்.

பலகையை மறைக்க நேரமில்லை. கையில் எடுத்துப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. சேர்த்துப் படித்துவிட்டார்!

"யாரு சொல்லி இப்படி எழுதினீங்க?"

"ஐயா எழுத்து போடச் சொன்னாங்க... சாரு அவரு எழுத்து போடச் சொன்னாங்க... யாரையும் வுட முடியலம்மா."

"என்னைக் கேக்கணும்னு தோணலையா?"

"உங்க நம்பரு இல்லீங்க."

தேன்மொழி திரும்பிக் கோதண்டத்தைப் பார்த்தார். கோதண்டம் மேலே ஃபேனைப் பார்த்தார்.

"எனக்கே பல நேரம் என் நம்பரு கெடைக்கறதில்லக்கா" என்றார் தேன்மொழி.

சிரித்தாரா? சிரித்த மாதிரிதான் இருந்தது. கோபம்கூட சில முகங்களில் அப்படித்தான் வரும். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஊர்ல வாயால சொல்றாங்க. நீங்க சுட்டே குடுத்துட்டீங்க" என்றவர், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அது போவட்டும். உங்க எழுத்து என்னாக்கா?"

என்னையா கேட்கிறார்? "ரேஷன் கார்டுல வூட்டுக்காரரு எழுத்துங்க. ஸ்கூலு டி.சி.ல அப்பா எழுத்து. பேங்குல... பேங்குல என்னா இருக்குதுன்னு பாத்துத்தான் சொல்லணும்."

"எங்க அத்தா பேரும் 'ஜ', எங்க வூட்டுக்காரரு பேரும் 'ஜ'. அல்லா என்னைக் காப்பாத்திட்டான்" என்றாள் ஜமீலா, யாரும் கேட்காமலே.

இந்தத் தடவை தேன்மொழி நிஜமாகவே சிரித்தார். பிறகு என் தூரிகையைக் கேட்டு வாங்கினார். எழுதாத பலகை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மெல்ல எழுதினார்: சி. தேன்மொழி.

"சி-ன்னா யாரு பாப்பா?" என்றார் கோதண்டம்.

"எங்க வூட்டுல எத்தினி வருஷமா சாப்புடறீங்கண்ணே?"

"அது ஆவுது... ஐயா மொத எலெக்‌ஷன்லேருந்து."

"சோறு போட்டது யாரு?"

"அம்மா."

"அம்மா பேரு என்னா?"

"அம்மான்னுதானே பாப்பா கூப்புடுவோம்..."

"சின்னப்பொண்ணு" என்றார் தேன்மொழி. "கூட்டம் கூட்டமா வந்து சாப்ட்டீங்க. ஒருத்தருக்கும் பேரு தெரியல."

கோதண்டம் பாவம், தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கவலையோடு கேட்டார்: "ஐயா எழுத்து இல்லேன்னா சனங்களுக்கு அடையாளம் தெரியாதே பாப்பா? சட்டசபைக்கு நிக்கற நேரம்... ஓட்டு?"

அதுதானே! எனக்கும் அதே கவலை. தேன்மொழி தான் எழுதிய பலகையை என்னிடம் நீட்டினார். "நாளைக்கு வாசல் காலியாவே இருக்கட்டும். இது வெந்ததும் குடுத்தனுப்புங்க" என்றார். கிளம்பும்போது, "அந்தப் பொம்மையையும் கட்டுங்க" என்றார். அதை எதற்கு? கேட்கப் பயமாக இருந்தது. கட்டிக் கொடுத்தேன்.

புதுப் பலகை மாட்டியாயிற்று என்று தெரிந்ததும் பார்க்கப் போனேன். வாசல் சுவரில் 'சி. தேன்மொழி'. அதற்கு நேர் மேலே பெரிய ஃபிளெக்ஸ். முறம் அகலத்துக்கு ஐயா முகம்! அம்மா எழுத்து கீழே, அப்பா முகம் மேலே. இதற்கு என்ன அர்த்தம்?

நான் நிற்கும்போதே கம்மாபுரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கையில் மனுவோடு வந்தார். பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார். "இது வேற தேன்மொழி போல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். கோதண்டம் பயந்தது சரிதானோ?

"அய்யா... நாந்தான், வாங்க!"

உள்ளே இருந்து அல்ல, வாசலில் இருந்து குரல். தேன்மொழி வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பலகையைப் பார்த்து இப்படி ஆட்கள் திரும்பிப் போகிறார்களாம். அதனால் தினமும் வாசலிலேயே உட்கார்ந்து கூப்பிடுகிறாராம். மதியழகன் பலகையைக் கழற்றச் சொல்லி இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லையாம்.

"அப்ப ஐயா படத்த மட்டும் வெச்சிருக்கீங்களே?" கேட்டே விட்டேன்.

"அதையும் எடுத்துட்டா எனக்கு யாருக்கா ஓட்டு போடுவாங்க?" என்றார். கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல்.

தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். அவர் மேஜை மேல் நம்முடைய பொம்மைப் பலகை. வருகிறவர்கள் பக்கம் பார்த்து இல்லை, அவர் பக்கம் பார்த்து.

இந்தப் பெண்மணி துணிச்சல்காரரா, கணக்குப் பார்க்கிறவரா? இரண்டுமா? சட்டசபைக்கு வாசல் நாற்காலியோடு போவாரா, அப்பா முகத்தோடு போவாரா? யோசித்துக்கொண்டே வந்ததில், இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

வீட்டில் பெட்டியைத் திறந்து பேங்க் புத்தகத்தைப் பார்த்தேன். அதில் இருக்கும் எழுத்து அப்பாவுடையதும் இல்லை, வீட்டுக்காரருடையதும் இல்லை. யாருடையது என்றே தெரியவில்லை!

இந்த வாரம் பத்திக்கு மேலே என் பெயருக்கு முன்னால் எழுத்தைக் காணோமே என்று தேடாதீர்கள். அச்சுப்பிழை இல்லை... இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.