முப்பது கேள்விக்கும் "இல்லைங்க"

சுதந்திரம் வந்து நாலஞ்சு வருஷம் இருக்கும். மைசூர்ல ஆதரவில்லாத பெண்பிள்ளைகள் தங்குற ஒரு விடுதியில நான் டீச்சர். பெங்களூர்ல இருந்து ஒரு டாக்டர் வந்தார், கையில இங்கிலீஷ்ல அச்சடிச்ச முப்பது கேள்வி. எந்தப் பிள்ளைக்கு மனசு உடைஞ்சிருக்குன்னு அதை வெச்சுக் கண்டுபிடிக்கணுமாம். "ஆமாம்"னு நிறைய சொல்றவங்களை இங்கயே வெச்சு வைத்தியம் பார்ப்பாங்க. மத்தவங்க சொந்தக்காரங்ககிட்டப் போகணும், இடம் பத்தலை. ஹனூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ்தான் வரும்ங்கறதால, தமிழாக்கற வேலை என் தலையில விழுந்தது.

எனக்கு ஏகப்பட்ட பெருமை. "விருந்தில் நடனமாடக் கூச்சப்படுவாயா?"ன்னு ஒரு கேள்வி. களி தின்னு வளர்ந்த பிள்ளைகிட்ட நடனமா! "கல்யாண வீட்ல பந்திக்கு வராம ஒதுங்கி நிப்பியா?"ன்னு மாத்தினேன். டாக்டரே பேஷ்னார். நானும் மிதந்தேன், மட்டி!

வகுப்பு மேஜையில உட்கார்ந்து ஒவ்வொருத்தியாக் கூப்பிட்டுக் கேட்டேன். வாத்தியார் கை சும்மா இருக்குமா? சிவப்புப் பென்சிலை எடுத்துக்கிட்டேன். "தனியா உட்கார்ந்து அழுவியா?" "இல்லை டீச்சர்." "சமத்து!" ஒரு டிக். "ஆமாம்"னா என்னையறியாம "அடடா" வந்துடும். முதல்ல போனவளை மத்தவங்க வெளிய சுத்திக்கிட்டாங்க. பரீட்சை எழுதினவகிட்ட விடை கேக்கறது பிள்ளைகள் வழக்கம்தானேன்னு நான் சிரிச்சுக்கிட்டு இருந்துட்டேன்.

கடைசியா வந்தவளுக்குப் பதிமூணு வயசு. அப்பா அம்மா இல்லை, மாமன் வீட்ல வளர்ந்தவ. அங்கிருந்து ஓடிவந்து பஸ் ஸ்டாண்டுல அகப்பட்டவளைப் போலீஸ் எங்ககிட்ட விட்டிருந்தாங்க. முதுகு பூரா சூடு போட்ட தழும்பு. மாமன் பார்க்க வந்தா குளியலறையில போய்த் தாழ் போட்டுக்குவா.

அவ முப்பதுக்கும் "இல்லைங்க"ன்னா.

"வீட்டுக்குப் போகணும்னா பயமா இருக்கா?"ன்னு மட்டும் ரெண்டு தடவை கேட்டேன். என் பென்சிலையே பார்த்தா. "இல்லைங்க டீச்சர்." பொய்னு எனக்குத் தெரியும். ஆனா சொன்னதை மட்டும் எழுதணும்னு டாக்டர் உத்தரவு. எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

போகவேண்டியவங்க பட்டியல்ல முதல் பேர் அவளோடது. வார்டன்கிட்ட ஓடினேன். "அந்தப் பொண்ணு பொய் சொல்லியிருக்காம்மா, முதுகைப் பாருங்க!" கன்னடக்கார அம்மா, நல்லவங்கதான். "ஏன் மாடோது டீச்சரே, நான் என்ன பண்ண? தழும்பு ஆறிடுச்சு. தாள்ல உங்க கையெழுத்துதானே இருக்கு?" டாக்டருக்கு ரெண்டு கடிதம் போட்டேன். பதிலே வரலை. கர்த்தரேன்னு முழங்கால் போட்டேன், வேற என்ன தெரியும் எனக்கு?

திங்கக்கிழமை காலையில மாமன் வந்துட்டான். வெத்தலை போட்டுக்கிட்டு, எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கிட்டு நின்னான். அவ துணிமூட்டையோட நேரா என்கிட்ட வந்தா. அழலை. சின்னக் குரல்ல கேட்டா:

"டீச்சர், எந்தக் கேள்வியில தப்பு விட்டனுங்க? பாஸானா இங்கயே வெச்சுக்குவீங்கன்னு நெனச்சனுங்க. இன்னொருக்கா கேளுங்க டீச்சர், சரியாச் சொல்லிப்போடறனுங்க."